வீட்டிலேயே டி-ஷர்ட்டிலும் துணிப்பையிலும் ஸ்கிரீன் பிரிண்ட் போடுவது எப்படி?

டி-ஷர்ட்டில் ஒரு படத்தை ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. ஏற்றிய படம் பத்துத் துவையல் தாண்டியும் சட்டையில் இருக்க வேண்டும், அதுதான் வேலை. துணி வாங்குவது, மை கலப்பது, கடைசியில் அயர்ன் போடுவது என்று எல்லாவற்றையும் அந்தத் துவையலை மனதில் வைத்துச் செய்தால், வீட்டு மாடியில் போட்ட பிரிண்டும் கடை பிரிண்ட் அளவுக்கு நிற்கும்.

முதலில், எந்த முறை யாருக்கு என்று பார்த்துவிடலாம்.

டிரான்ஸ்ஃபர் பேப்பர் இருப்பதிலேயே எளிது. இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடித்து, அயர்ன் பாக்ஸால் தேய்த்து ஒட்டிவிடலாம். ஆனால் துணியின் மேல் ஒரு பிளாஸ்டிக் படலமாகத்தான் உட்காரும். சீக்கிரமே விரிசல் விடும். குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு சட்டை என்றால் தாராளமாகப் போதும். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் தாளான வினைல், பெயரும் எண்ணும் ஒட்டுவதற்கு நல்லது. ஆனால் வெட்டும் இயந்திரம் வேண்டும். சப்ளிமேஷனில் மை சுமார் 190 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடுவதால் கையில் தடவினாலும் தட்டுப்படாது, உரியவும் உரியாது. ஆனால் அது பாலியெஸ்டரில் மட்டும்தான் பிடிக்கும், அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில்தான். கிரிக்கெட் ஜெர்சி கேட்டு வருபவருக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான். போட்டோவை அப்படியே பல வண்ணத்தில் போட வேண்டுமென்றால் டிடிஎஃப் (டைரக்ட் டு ஃபிலிம்). பிரிண்ட் எடுத்த ஃபிலிமைக் கடையில் வாங்கி, ஹீட் பிரஸ்ஸில் ஒட்டினால் முடிந்தது.

ஒரே டிசைன், பத்து முப்பது சட்டைகள், பருத்தித் துணி என்றால் என் ஓட்டு ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குத்தான். திருப்பூரில் சுழலும் மேடையில் வரிசையாக அடிக்கும் பெரிய இயந்திரங்களுக்கும் அடிப்படை இதுதான்: இறுக்கிக் கட்டிய வலை, அதில் மை போக வேண்டிய இடம் மட்டும் திறப்பு. முதல் ஸ்கிரீன் தயாராகக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு சட்டையிலும் மை அடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இனி இதைப் படிப்படியாகப் பார்ப்போம். முதல் முறைக்கு ஒரே நிறம், வெளிர் நிறத் துணி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

துணி

நீர் சார்ந்த பிக்மென்ட் மைக்குப் பருத்திதான் சரி. கடைக்காரர் 'ப்யூர் காட்டன்' என்று சத்தியம் செய்தாலும், மடிப்பின் உட்புறத்திலிருந்து இரண்டு நூலை இழுத்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், தொட்டால் உதிர்கிற சாம்பல் மிஞ்சும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, நுனியில் கெட்டியான மணி மாதிரி நிற்கும். இரண்டும் கலந்து வந்தால் கலப்புத் துணி. கலப்பிலும் பிரிண்ட் விழும், ஆனால் பிடிப்பு குறைவு.

டி-ஷர்ட்டுக்கு 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பின்னல் துணி வசதியானது. அதைவிட மெல்லியதாக இருந்தால் மை மறுபக்கம் ஊறும். திருப்பூர் காதர்பேட்டை பக்கம் போனால் ஏற்றுமதியில் மிஞ்சிய சட்டைகள் மொத்தமாகக் கிடைக்கும். அங்கே வாங்கினால் பிரித்துப் பார்த்து, சாயத் திட்டும் தையல் குறையும் இல்லாததாகப் பொறுக்க வேண்டும்.

புதுத் துணியை அப்படியே பிரிண்ட்டுக்கு எடுக்காதீர்கள். ஆலையில் போட்ட கஞ்சியும் மெருகூட்டும் ரசாயனமும் அதன் மேல் இருக்கும். மை அவற்றின் மேல் உட்கார்ந்து, முதல் துவையலில் அவற்றோடு சேர்ந்து போய்விடும். ஒரு தடவை சோப்பில் துவைத்துக் காய வைத்து அயர்ன் செய்துவிட்டு எடுங்கள். கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கி எதுவும் வேண்டாம். சுருங்குவதும் இந்த முதல் துவையலிலேயே சுருங்கிவிடும். துவைக்காத சட்டையில் வட்டமாகப் போட்ட டிசைன் பிறகு முட்டை வடிவமானால் ஒன்றும் செய்ய முடியாது.

டிசைன்: தமிழ் எழுத்து படுத்தும் பாடு

படம் மட்டும் என்றால் பிரச்சினை குறைவு. தமிழ் எழுத்து வந்தால்தான் தலைவலி தொடங்கும். கணினியில் அழகாகத் தெரிகிற வரி, கடைக்குப் போனதும் கொம்பு தனியாக, கால் தனியாகப் பிரிந்து நிற்கும். யூனிகோட் எழுத்தை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத மென்பொருளில், 'கொ' என்று அடித்தால் நடுவில் புள்ளிவட்டம் முளைக்கும். ஃபோட்டோஷாப்பில் செய்கிறவர்கள் எழுத்து அமைப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகும். இன்க்ஸ்கேப் இலவசம், தமிழையும் தானாகவே சரியாகக் கோக்கும். பிரிண்டிங் கடைகள் பலவற்றில் இன்னும் பழைய கோரல்டிராவும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும்தான் ஓடுகின்றன. அங்கே உங்கள் யூனிகோட் கோப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியலாம். ஆகவே எழுத்தை எழுத்தாகவே அனுப்பாதீர்கள். இன்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்', கோரலில் 'கன்வெர்ட் டு கர்வ்ஸ்' கொடுத்து வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். மாற்றுவதற்கு முன்னால் வேறு ஒருவரிடம் காட்டிப் பிழை பார்க்கச் சொல்லுங்கள். ஓர் ஒற்று விட்டுப்போனால் முப்பது சட்டையிலும் விட்டுப்போகும்.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. கூகுள் எழுத்துருக்களில் மீரா இனிமை, கவிவனார், முக்த மலர், ஹிந்த் மதுரை, காட்டமரன் எல்லாமே திறந்த உரிமம் கொண்டவை. விற்கிற சட்டையிலும் பயன்படுத்தலாம். தேர்ந்தெடுக்கும்போது புள்ளியையும் சுழியையும் பாருங்கள். சில எழுத்துருக்களில் மெய்யெழுத்தின் புள்ளி உள்ளே வெற்றிடம் விட்ட குட்டி வளையமாக இருக்கும். துணியில் மை கொஞ்சம் பரவும் என்பதால் அந்த ஓட்டை அடைந்துபோகும். நிரம்பிய புள்ளி உள்ள எழுத்துருவே நல்லது. ஞ, ஜ, ணை போன்றவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் இடைவெளி, உண்மையான அளவில் அச்சடித்துப் பார்க்கும்போது ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கோடுகளுக்கும் அதே கணக்கு.

பெரியவர்கள் சட்டையின் மார்புப் பகுதிக்கு 10 முதல் 12 அங்குல அகலம் சரியாக இருக்கும். காகிதத்தில் அதே அளவில் பிரிண்ட் எடுத்து, சட்டையில் குண்டூசியால் குத்தி, ஒருவரைப் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். கழுத்திலிருந்து நாலு விரல் கீழே டிசைன் தொடங்கினால் பார்க்க நன்றாக இருக்கும். எல்லோரும் செய்கிற தவறு, வயிற்றுக்கு இறக்கிவிடுவது.

நடிகர் படம், கார்ட்டூன் பாத்திரம், கிரிக்கெட் அணியின் சின்னம் எல்லாம் பிறர் உரிமை. சொந்தமாக வரைந்ததையே விற்பனைக்கு எடுங்கள்.

பாசிட்டிவ்

டிசைனைத் தனிக் கறுப்பில், சாம்பல் நிறமே இல்லாமல், ஓ.எச்.பி. ஷீட் என்கிற தெளிவான பிளாஸ்டிக் தாளிலோ கேட்வே என்கிற டிரேசிங் பேப்பரிலோ லேசர் பிரிண்ட் எடுக்க வேண்டும். இதைத்தான் பாசிட்டிவ் என்கிறோம். கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டாம். டிரான்ஸ்ஃபர் பேப்பர், வினைல், சப்ளிமேஷனுக்குத் திருப்பிப் பழகியவர்கள் இங்கே குழம்புவார்கள். ஸ்கிரீனுக்கு நேராகவே இருக்கட்டும்.

எடுத்த ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்புக்குள் வெளிச்சம் கசிந்தால் பயன்படாது. இன்னொரு பிரதி எடுத்து, இரண்டையும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து டேப் ஒட்டினால் அடர்த்தி போதுமானதாகிவிடும். இதில் சோம்பல் பட்டால் பின்னால் ஸ்கிரீன் கழுவும்போது ஓரங்கள் திறக்காமல் உயிரை வாங்கும்.

ஸ்கிரீன்

பாலியெஸ்டர் வலை கட்டிய ஃப்ரேமை ஸ்கிரீன் பிரிண்டிங் பொருள் விற்கும் கடையில் தயாராகவே வாங்கலாம். முதல் தடவைக்கு அதுவே உத்தமம். கையால் இழுத்துக் கட்டும் வலை எப்படியும் தொய்யும், தொய்ந்த வலையில் எழுத்தின் ஓரம் கலங்கும். சாதாரண டி-ஷர்ட் வேலைக்கு சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள வலை போதும். மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் 77. டிசைனைச் சுற்றி நாலு பக்கமும் 3 அங்குலமாவது காலி இடம் இருக்கிற மாதிரி ஃப்ரேம் வாங்குங்கள். மை நிற்க இடம் வேண்டுமே.

வலையைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் இரண்டு பக்கமும் மென்மையாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காய வையுங்கள். அதன் பிறகு வலையை விரலால் தொடக் கூடாது.

எமல்ஷன்

ஒளி பட்டால் இறுகுகிற கோந்துதான் எமல்ஷன். பாசிட்டிவின் கறுப்பு ஒளியை மறைத்த இடம் மட்டும் இறுகாமல் கழுவும்போது கரைந்து, மை போகும் திறப்பாகிவிடும். நம் ஊர் சின்னக் கடைகளில் காலங்காலமாக டைக்ரோமேட் உப்பைக் கலந்து ஒளியுணர்வு ஏற்றுகிறார்கள். ஆரஞ்சு நிறக் கரைசல், விலை மலிவு. ஆனால் அது ஆறிணைதிறக் குரோமியம். தோலைப் புண்ணாக்கும், புற்றுநோய் வரவைக்கும் பொருள். குழந்தைகள் நடமாடுகிற வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது என்பது என் கட்சி. டயஸோ வகையோ, கலக்க அவசியமில்லாத தயார்நிலை எமல்ஷனோ கேட்டு வாங்குங்கள். கூடவே, 'நீர் சார்ந்த மைக்குத் தாங்குமா' என்றும் கேளுங்கள். தாங்காத வகை என்றால் நாலு சட்டை போடுவதற்குள் வலையிலிருந்து கரையத் தொடங்கும்.

பூசும் அறையில் வெயிலும் வெள்ளை டியூப் லைட்டும் இருக்கக் கூடாது. மஞ்சள் நிற ஜீரோ வாட் பல்பு போதும். எமல்ஷன் பூசும் தகரத் தொட்டியால், இல்லாவிட்டால் நேரான விளிம்புள்ள ஸ்டீல் ஸ்கேலால், ஃப்ரேமைச் சாய்த்துப் பிடித்து கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. வெளிப்பக்கம் (துணியைத் தொடும் பக்கம்) ஒன்று, உள்பக்கம் (மை ஊற்றும் பக்கம்) ஒன்று. மெல்லியதாக, வழியாமல் இருக்க வேண்டும். பிறகு வெளிப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்கை வசமாக வைத்து, இருட்டில் ஃபேன் காற்றில் காய விடுங்கள்.

காய்ந்தது போலத் தெரிவதும் காய்ந்திருப்பதும் வேறு வேறு. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்களில் ஒரு ராத்திரி முழுக்க வைத்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஈர எமல்ஷனை எக்ஸ்போஸ் செய்தால், அதாவது ஒளி காட்டினால், கழுவும்போது மொத்தமாக உரிந்து வரும். ஏசி அறை இருந்தால் அங்கே வைப்பது நல்லது, காற்றில் ஈரப்பதம் குறைவாக இருக்கும்.

எக்ஸ்போஸ்

புதிதாகச் செய்கிறவர்களின் ஸ்கிரீன் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தரையில் கறுப்புத் துணி சுற்றிய ஃபோம் அட்டை. அதன் மேல் ஸ்கிரீன், உள்பக்கம் ஃபோமில் அழுந்தும்படி. மேலே தெரிகிற வெளிப்பக்கத்தில் பாசிட்டிவ், டோனர் படிந்த முகம் எமல்ஷனைத் தொடுகிற மாதிரி கவிழ்த்து. இப்போது மேலிருந்து பார்த்தால் எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத் தெரியும், அதுதான் சரி. அதற்கு மேல் கனமான, கீறல் இல்லாத கண்ணாடி. ஷீட்டுக்கும் வலைக்கும் நடுவே இம்மி இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் நுழைந்து ஓரத்தைத் தின்றுவிடும்.

வெளிச்சத்துக்கு உச்சி வெயில் போதும். ஆனால் மேகம் ஒன்று குறுக்கே வந்தால் கணக்கெல்லாம் மாறிவிடும் என்பதால் நான் யூவி எல்இடி ஃபிளட் விளக்கையே சிபாரிசு செய்வேன். எத்தனை நிமிடம்? அதை விளக்கின் சக்தி, தூரம், எமல்ஷன் வகை மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும். அடுத்தவர் சொன்ன நேரம் உங்களுக்குப் பொருந்தாது. ஒரு சின்ன ஸ்கிரீனைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். சின்ன எழுத்துகள் உள்ள ஒரு நீள வரியைப் பாசிட்டிவாக வைத்து, அட்டையால் மூடி, நிமிடத்துக்கு ஒரு பட்டையாகத் திறந்துகொண்டே போங்கள். வெயில் என்றால் நிமிடத்துக்குப் பதில் 15 விநாடி. கழுவினால் ஒரு பக்கம் எமல்ஷன் வழவழவென்று கரைந்து போயிருக்கும், அது வெளிச்சம் போதாதது. மறு பக்கம் எழுத்து திறக்கவே திறக்காது, அது வெளிச்சம் கூடியது. நடுவில் புள்ளியும் சுழியும் கூர்மையாகத் திறந்த பட்டை எதுவோ அதுதான் உங்கள் நேரம். ஃப்ரேம் கட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்போஸ் ஆனதும் உடனே இரண்டு பக்கமும் தண்ணீர் விட்டு நனைத்து, ஒன்றிரண்டு நிமிடம் ஊற விட்டு, கை ஷவரால் மெதுவாக அடியுங்கள். டிசைன் இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மீதி ஒட்டியிருப்பது படலமாகத் தெரியும். அதுவும் போகிற வரை அடிக்க வேண்டும். காய்ந்த பிறகு ஊசி ஓட்டைகள் இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் எமல்ஷன் தொட்டு அடையுங்கள். கடைசியாக வெயிலில் சும்மா அரை மணி நேரம் வைத்தால் இன்னும் இறுகும். ஃப்ரேமின் உள் ஓரங்களில் பழுப்பு டேப் ஒட்டிவிட்டால் மை கசியாது.

மை

பிக்மென்ட் பிரிண்ட்டில் பைண்டர் தனி, நிறம் தனி, ஃபிக்ஸர் தனி. நிறத்தை இழையோடு பிடித்து வைப்பது பைண்டர்தான். அதனால், இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கட்டுமே என்று நிறத்தை அள்ளிக் கொட்டினால், பைண்டருக்குள் அடங்காத நிறம் துவைக்கும்போதும் உரசும்போதும் உதிரும். 100 கிராம் பைண்டருக்கு 4, 5 கிராம் நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபிக்ஸர் அளவு டப்பாவிலேயே இருக்கும். கலந்த பிறகு வைத்திருந்து பயன்படுத்த முடியாது, அன்றைக்குத் தேவையானது மட்டும் கலக்கவும். மை இட்லி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும், கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கட்டியாக விழ வேண்டும், ஓடக் கூடாது.

கறுப்பு, நீலச் சட்டையில் இந்த மை போட்டால் கண்ணுக்கே தெரியாது. அதற்கு வெள்ளை ரப்பர் பேஸ்ட் வேண்டும். அது கெட்டி, துணியின் மேலே படலமாக நிற்கும். பிளாஸ்டிசால் மை பிரமாதமாக மூடும், ஆனால் அது பி.வி.சி., முழு ஆழத்துக்கும் 160 டிகிரி ஏற வேண்டும். அயர்ன் பாக்ஸை நம்பி அதில் இறங்க வேண்டாம்.

பிரிண்ட் போடுவது

முதல் வேலை, ஃபேனை நிறுத்துங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை. நீர் சார்ந்த மை வலைக்குள்ளேயே காய்ந்தால் அந்த ஓட்டை அடைந்ததுதான்.

சட்டைக்குள் வழவழப்பான பலகை ஒன்றை நுழைத்து, சுருக்கமில்லாமல், ஆனால் இழுக்காமல் விரியுங்கள். இழுத்து வைத்துப் போட்ட பிரிண்ட் எடுத்ததும் சுருங்கும். பலகையில் லேசாகப் பசை தடவினால் துணி நகராது. ஃப்ரேமின் மூலைகளுக்கு அடியில் நாணயம் ஒன்றிரண்டு வைத்து, வலை துணியைத் தொடாமல் 2, 3 மில்லிமீட்டர் மேலே நிற்கச் செய்யுங்கள். மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜி போகிற கோட்டில் மட்டும் வலை துணியைத் தொட்டு உடனே விலக வேண்டும். ஓரம் கூர்மையாக விழுவது இதனால்தான்.

மேல் ஓரத்தில் மையை வரிசையாக வைத்து, ஃப்ரேமைச் சற்றுத் தூக்கி, அழுத்தாமல் ஒரு தடவை இழுத்து ஓட்டைகளை மையால் நிரப்புங்கள். ஃப்ரேமை இறக்குங்கள். இப்போது ஸ்க்வீஜியை இரண்டு கையாலும் நன்றாகச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீரான அழுத்தத்தில், ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் கோடு விழும். உதவிக்கு ஒருவர் ஃப்ரேமை அசையாமல் பிடித்துக்கொண்டால் நிம்மதி. ஒரு பக்கத்தை முதலில் தூக்கி, மெதுவாக உரித்து எடுங்கள். எடுத்த கையோடு மறுபடி மை நிரப்பி வைத்துவிட்டுத்தான் சட்டையைப் பார்க்க வேண்டும். வெறும் வலையாக விட்டால் காய்ந்துவிடும். முதல் நாலைந்து இழுப்பைப் பழைய வேட்டித் துண்டில் போட்டுப் பழகுங்கள்.

ரப்பர் பேஸ்ட்டுக்கு ஒரு இழுப்பு போதாது. ஃப்ரேமும் பலகையும் நகராமல் கீல் போட்டு நிறுத்தி, முதல் பூச்சை ஹேர் டிரையரால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய வைத்து, அதன் மேலேயே இன்னொன்று.

சூடு காட்டுவது

ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும். அப்புறம் அயர்ன் பாக்ஸ், காட்டன் அளவில், நீராவி இல்லாமல். பிரிண்ட் மேல் மெல்லிய பருத்தித் துணி விரித்து, அயர்ன் அகலத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் 3 முதல் 5 நிமிடம் மெதுவாக நகர்த்திக்கொண்டே தேய்க்க வேண்டும். பிறகு சட்டையைத் திருப்பி, உள்பக்கத்திலிருந்தும். ஆலையில் பிக்மென்ட்டுக்கு 150 டிகிரியில் சில நிமிடம் சூடு காட்டுகிறார்கள். நாம் அயர்னில் செய்வதும் அதையேதான், நேரத்தைக் கூட்டி. இரண்டு தேய்ப்பு தேய்த்துவிட்டு மடித்து வைக்கிற சட்டைதான் முதல் துவையலில் வெளுக்கிறது.

சோதிக்க ஈர வெள்ளைத் துணியால் பிரிண்ட்டை இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் இன்னும் சூடு வேண்டும். மூன்று நாள் கழித்தே முதல் துவையல். உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், பிரிண்ட்டில் பிரஷ் படாமல். துவைக்கிற கல்லில் அடித்துத் துவைக்கிற வீடு என்றால் இதையெல்லாம் சொல்லித்தான் சட்டையைக் கொடுக்க வேண்டும்.

பை, கைக்குட்டை, தொப்பி

2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, கல்யாணத் தாம்பூலத்துக்கும் கடைத் திறப்புக்கும் பெயர் போட்ட துணிப்பை கேட்பவர்கள் அதிகம். பழகுவதற்கும் பைதான் சிறந்தது. கெட்டித் துணி, நீளாது, நகராது. தைத்த பை என்றால் கைப்பிடியும் ஓரத் தையலும் ஃப்ரேமில் இடிக்கும். உள்ளே வைக்கும் பலகையைத் தையலுக்குள் அடங்குகிற அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள் சாயம் ஓடுகிறதா என்று ஈரத் துணியால் முதலில் தேய்த்துப் பார்ப்பது அவசியம். கெட்டித் துணி சூட்டை மெதுவாக வாங்கும் என்பதால் அயர்ன் நேரத்தைக் கொஞ்சம் கூட்டவும். கைக்குட்டைக்கு 77 வலையும் சின்ன டிசைனும். தொப்பிக்கு வளைவு இடைஞ்சல், அதற்கு வினைலே மேல். பீங்கான் குவளைக்கு இந்த மை ஒட்டாது, அது பாலியெஸ்டர் பூச்சுள்ள குவளையில் செய்யும் சப்ளிமேஷன் வேலை.

கழுவுவது

வேலை முடிந்த அந்த நிமிடமே ஸ்கிரீனைக் கழுவ வேண்டும், டீ குடித்துவிட்டு வந்து அல்ல. மிஞ்சிய மையை ஸ்க்வீஜியால் வழித்து டப்பாவில் எடுத்து, வலையைச் செய்தித்தாளால் துடைத்துவிட்டு, அப்புறம் தண்ணீர் விடுங்கள். காகிதத்தில் போகிற மை சாக்கடைக்குப் போகாது. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த விவகாரத்தில் 2011 ஜனவரியில் திருப்பூர் சாய ஆலைகளையே மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டுக் குளியலறையிலிருந்து போவது கொஞ்சம்தான் என்றாலும் போகிற இடம் அதே மாதிரி ஓர் ஆறுதான்.

அதே டிசைன் மறுபடி வேண்டுமென்றால் ஸ்கிரீனை அப்படியே காய வைத்து எடுத்து வையுங்கள். வேண்டாமென்றால் எமல்ஷன் ரிமூவர் தடவி, சில நிமிடம் விட்டு, கையுறை போட்டுக்கொண்டு தேய்த்துக் கழுவினால் வலை திறந்துவிடும். ரிமூவரை வலையிலேயே காய விடாதீர்கள், காய்ந்துவிட்டால் எமல்ஷன் நிரந்தரமாக இறுகி, ஃப்ரேமுக்குப் புது வலைதான் கட்ட வேண்டியிருக்கும்.